டீச்சர் போட்ட டிக்

என் நாத்தனாருக்கு மூன்று பெண்கள். மூத்தவளைப் பேர் சொல்லிக் கேட்டால் சொந்தத்தில் பாதிப் பேர் முழிப்பார்கள். டீச்சர் என்றால்தான் தெரியும். கட்டின புருஷனே அப்படித்தான் கூப்பிட்டான். பதினொரு வருஷம் நாலாம் வகுப்புக்குப் பாடம் எடுத்தவள். ஒரு வருஷம் வகுப்பில் ஒரு பிள்ளை வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்ததாம். "அதுகிட்ட என்ன கேக்கணும்னே எனக்குத் தெரியல அத்தை" என்றாள் என்னிடம். முப்பத்தாறு வயதில் வேலையை விட்டுவிட்டு, பல்கலைக்கழகத்தில் மனநல ஆலோசனை மேல்படிப்பில் சேர்ந்தாள்.

"வீட்ல நான் பேசுறதைக் கேக்க ஆளில்ல. இவ ஊரார் பேசுறதைக் கேக்கப் போறாளாம்" என்றான் புருஷன்.

மாமியார்க்காரி அதற்கு மேல். "அழுறவங்களுக்கு டிஷ்யூ எடுத்துக் குடுக்க ரெண்டு வருஷப் படிப்பா?"

"எப்போ குடுக்கணும்னு கத்துக்கத்தான் ரெண்டு வருஷம்" என்று சிரித்தாள் டீச்சர்.

இரண்டாம் வருஷம் நூறு மணி நேரம் ஆட்களோடு பேசிக் காட்டினால்தான் பட்டம். அதற்கென்று ஒரு சின்ன அறை. இரண்டு நாற்காலிகள், நேருக்கு நேர் இல்லாமல் கொஞ்சம் சாய்வாக. கடிகாரம் வந்தவருடைய முதுகுப் பக்கம், இவள் கண்ணுக்கு மட்டும் படும்படி. மேஜைமேல் பேச்சைப் பதிவு செய்யும் கருவி. ஐம்பது நிமிஷம் முடிந்ததும் ஒரு தாள் நிரப்ப வேண்டும். மோசம், அதே நிலை, முன்னேற்றம் என்று மூன்று கட்டங்கள். ஒன்றில் டிக் போட்டு, வந்தவர் வாயால் சொன்ன வார்த்தையையே பக்கத்தில் எழுத வேண்டும்.

அவளிடம் வந்தவர்களில் ஒருவர் பேக்கரியில் மாவு பிசைகிறவர். பெண்சாதி செத்து ஏழு மாதம் ஆகியிருந்தது. செவ்வாய்க்கிழமை தவறாமல் வருவார்; நகக்கண்ணில் மாவு காய்ந்திருக்கும். ஏழு வாரம் வந்தார். எட்டாவது வாரம் அவருக்குப் பதில் அவருடைய மச்சான் வந்தார். மனுஷன் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார் என்று சொன்னார்.

பல்கலைக்கழகம் போட்ட விசாரணைக் குழு தாள்களைக் கேட்டது. ஏழாவது தாளில் முன்னேற்றத்துக்கு நேராக டிக். பக்கத்தில் எழுதியிருந்த வார்த்தை: பரவாயில்லை.

தாள்களைக் கொடுக்கும் முன்பு, அவளுக்குப் பொறுப்பாக இருந்த பேராசிரியை அவளை உட்காரவைத்து அந்த ஏழாவது வாரப் பதிவைப் போட்டுக் கேட்டார். அந்த மனுஷன் தூக்கம் வராததைச் சொல்லிக்கொண்டே வருகிறார். "அடுப்பு முன்னாடி நிக்கும்போது ஒரு நினைப்பு வருதும்மா..." என்று இழுக்கிறார். நேரம் தாண்டிவிட்டது, வெளியே அடுத்த ஆள் காத்திருக்கிறார். "மன்னிச்சுக்குங்க, நேரமாயிடுச்சு. அடுத்த வாரம் இதுலயே ஆரம்பிக்கலாமா?" என்கிறாள் இவள்.

"பரவாயில்லம்மா."

நாற்காலி இழுபடும் சத்தம். அவ்வளவுதான்.

உடம்பு தேறினவன் சொல்கிற பரவாயில்லை அல்ல அது. பஸ்ஸில் காலை மிதித்தவனிடம் சொல்கிற பரவாயில்லை. அவசரத்தில் இவள் காதில் கடைசியாக விழுந்ததை எழுதி, அதற்குப் பொருத்தமாக டிக்கும் போட்டுவிட்டாள்.

பேராசிரியை கருவியை அணைத்தார். "குழு தாளைத்தான் பார்க்கும். தாள்ல தப்பு எதுவும் தெரியாது. உனக்கு இன்னும் ஆறு மணி நேரம்தான் பாக்கி. வாயைத் திறக்காத."

"தாள்ல தெரியாது மேடம். எனக்குத் தெரியுமே."

"சொன்னா மொத்தமும் போயிடும்."

"போகட்டும்."

வீட்டில் புருஷன் குதித்தான். "வேலையையும் விட்டாச்சு. பட்டமும் போனா அந்தாளு எந்திரிச்சு வந்துடுவாரா?" நானும் அங்கேதான் இருந்தேன். எனக்கும் அதே நினைப்புதான், அதை மறைப்பானேன்.

குழுவிடம் போய்ச் சொல்லிவிட்டாள். பயிற்சி செல்லாது, பட்டம் கிடையாது என்று எழுதிக் கையில் கொடுத்தார்கள். கிளம்பும் முன் ஒன்றே ஒன்று கேட்டாள். "அந்த டிக்கை அடிச்சிட்டு, மோசம்ங்கிற கட்டத்துல போட்டுடலாமா?"

எழுத்தர் கோப்பைக் கட்டிக்கொண்டே சொன்னார்: "ஆள் இறந்தப்புறம் கோப்புல கை வைக்கக் கூடாதும்மா."

அதைத் திருத்தச் சொல்லி இதுவரை ஐந்து மனு கொடுத்துவிட்டாள். ஒன்றுக்கும் பதில் இல்லை. போன வாரம் நான் போனபோது ஆறாவதை எழுதிக்கொண்டிருந்தாள்.