யன்னல் வைக்காத அறை

யுத்தம் முடிந்து, வாவிக்கு மேற்கே எங்கள் படுவான்கரைக்குக் கரண்ட் கம்பி வந்து, பின்னாலேயே உலகக் கிண்ணக் கிரிக்கெட்டும் வந்த வருடம். பழுகாமத்தில் என் வீட்டில் நடந்தது இது. அதற்கு முன் நான் யார் என்று சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் கதை விளங்காது.

ஐந்தாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். சாந்து குழைக்கப் போய் மேசன் ஆனேன். எழுவான்கரையில், கடலுக்கும் வாவிக்கும் நடுவில், என் கையாலேயே கல்வீடு கட்டினேன். சுனாமி கொண்டுபோனது. வாவியைக் கடந்து இந்தப் பக்கம் வந்து இரண்டாவது வீடு கட்டினேன். சண்டை வந்து ஊரோடு ஓடினோம். திரும்பி வந்து பார்த்தால் கூரை இல்லை, கதவு நிலைகூட இல்லை. மூன்றாம் தரமும் கட்டினேன். படித்தவர்கள் பிளான் போட்ட வீடுகள் மாரி மழைக்கு ஒழுகும். என்னுடையது இன்றுவரை ஒரு சொட்டு ஒழுகியதில்லை.

ஆனால் அந்த வீட்டில் என்னைத் தவிர ஆள் இல்லை. என் மனைவியைச் சுனாமி கொண்டுபோனது. பிள்ளைகள் எங்களுக்கு இல்லை. சுனாமி வந்த காலையில் நான் உன்னிச்சைப் பக்கம், வட்டை என்று நாங்கள் சொல்லும் வயல்வெளிக்குள் நின்றேன். மழைக்கு வயல் வரம்பு உடைந்துவிட்டதென்று பார்க்கப் போயிருந்தேன். செய்தி வந்து நான் ஓடிச் சேர்ந்தபோது கடல் திரும்பிப் போயிருந்தது. அதற்குமேல் அதைப்பற்றி எழுத மாட்டேன்.

எனக்கு மிஞ்சியவர்கள் இரண்டு நண்பர்கள். ஒருவன் தோணிக்காரன். எழுவான்கரையில் என் பக்கத்து வளவுக்காரன், அலைக்குத் தப்பியவன், என்னோடேயே இந்தப் பக்கம் வந்தவன். மற்றவன் தபால்காரன். சண்டைக் காலத்தில் கரண்ட் இல்லாதபோது டிராக்டர் பேட்டரியில் சின்ன டிவி ஓட்டி மூவரும் கிரிக்கெட் பார்ப்போம். பார்ப்போம் என்பது பேச்சுக்குத்தான். வெளியே நின்று அன்டனாக் கம்பத்தைத் திருப்புகிறவன் நான். “அங்கால... இன்னும் அங்கால... ஆ, நில்லுகா!” என்று உள்ளேயிருந்து கத்துவார்கள். கையை எடுத்தால் படம் போய்விடும். எத்தனையோ ஆட்டம் நான் காதால்தான் பார்த்தேன்.

அதனால்தான் கரண்ட் வந்ததும் ஹோம் தியேட்டர் கட்டினேன். இனி நானும் அவர்களோடு உள்ளே உட்கார்ந்து பார்க்க வேண்டும், வீட்டில் ஆள் குரல் கேட்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

யாரிடமும் கேட்கவில்லை. தியேட்டர் என்றால் இருட்டு. ஆகவே யன்னலே வைக்காமல் ஓர் அறை எழுப்பினேன். சுவரெல்லாம் கறுப்புப் பெயின்ட், அதன்மேல் எதிரொலிக்காமல் இருக்க முட்டை அடுக்கும் மட்டை. கதவுக்கு உட்பக்கம் கறுப்புத் துணி. முன்னால் சுவர் நிறையப் படம் விழும் புரொஜெக்டர். உடைத்துப் போட்ட பஸ் ஒன்றின் சீட்டுகள். நாலு மூலைக்கும் ஸ்பீக்கர். எல்லாவற்றுக்கும் மேலாக, சீட்டுகளுக்குப் பின்னால் நெஞ்சை அதிர வைக்கும் பெரிய பேஸ் பெட்டி. அந்த இடத்தில் அதை வைக்க வேண்டும் என்று கண்டுபிடித்தது என் மூளை.

இலங்கை ஆடும் நாள் பின்னேரம் இருவரும் வந்தார்கள். தேத்தண்ணியும் விசுக்கோத்தும் வைத்தேன்.

தபால்காரன் சுவரைத் தடவிப் பார்த்தான். “என்னகா, கோழிப் பண்ணை போடப்போறியா?”

“முட்டை போடுறதெண்டா நீ போடு. இப்ப வாயப் பொத்திக்கொண்டு இரி.”

தோணிக்காரன் மட்டும் உட்காராமல் அறையைச் சுற்றிப் பார்த்தான். “காத்து எங்கால வரும்?”

“ஃபேன் இரிக்கிகா. மெட்ச்சப் பாரு.”

கதவைச் சாத்தினேன். கம்பம் பிடிக்காமல், சீட்டில் சாய்ந்துகொண்டு, நண்பர்களுக்கு நடுவில் முதன்முதலாகக் கிரிக்கெட் பார்த்தேன். ராசா மாதிரி இருந்தேன்.

சிறிது நேரத்தில் நம்முடைய ஆள் ஒருவன் பந்தைத் தூக்கி அடித்தான். மைதானம் முழுவதும் எழும்பிக் கத்தியது. அந்த இரைச்சல் பின்னாலிருந்த பெட்டிக்குள் முதலில் உறுமி, தரையால் ஏறி, தலைக்கு மேலால் போனது. நான் கை தட்டினேன்.

தோணிக்காரன் எழும்பிவிட்டான்.

“கதவெங்க? கதவெங்ககா?”

துணியும் கறுப்பு, சுவரும் கறுப்பு. கதவு அவனுக்குத் தெரியவில்லை. இரண்டு கையாலும் முட்டை மட்டைகளைப் பிய்த்துக்கொண்டு சுவர் நெடுகப் போனான். பகிடி பண்ணுகிறான் என்று நினைத்து, “அவுட்டானது நீயா?” என்று சிரித்தேன். தபால்காரன்தான் பாய்ந்து போய்க் கதவைத் திறந்தான்.

வெளியே வந்து பார்த்தால், தோணிக்காரன் முற்றத்தில் அடுக்கியிருந்த கல் குவியலுக்கு மேல் ஏறி நிற்கிறான். வாவிப் பக்கம் பார்த்தபடி.

“இறங்குகா, ஒண்டுமில்ல. அது மெட்ச் சத்தம்” என்றேன்.

“உனக்கு அந்தச் சத்தம் தெரியா. நீ வட்டைக்குள்ள நிண்டாய்.” வாவியை விட்டுக் கண்ணை எடுக்காமலே சொன்னான்: “கடல் இப்படித்தான் பொறகால வந்த. உன்ட மனிசியும் அந்தச் சத்தத்தக் கேட்டுத்தான் வாசலுக்கு வந்த. என்ன சத்தம் எண்டு என்னட்டக் கேட்ட. மறுகா நான் அவவக் காணல்ல.”

இத்தனை வருடமாக இதை அவன் எனக்குச் சொன்னதில்லை.

தண்ணீர் குடித்துவிட்டு இருவரும் போனார்கள். கோபமில்லை. செருப்பைப் போடவும் மறந்து போனான் தோணிக்காரன். நான் உள்ளே போனேன். போட்டி ஓடிக்கொண்டிருந்தது. கதவைச் சாத்தி, அவன் இருந்த சீட்டில் போய் உட்கார்ந்து, சத்தத்தை முழுவதுமாகக் கூட்டினேன். ஒவ்வொரு தரமும் அந்த இரைச்சல் முதுகில் ஏறி வந்தது. அவள் வாசலுக்கு வந்து கேட்ட சத்தத்தை, அன்றைக்குப் பக்கத்தில் இல்லாத நான், இந்த அறைக்குள் இருந்து கேட்டேன். கதவடியில் அவள் நிற்பதுபோல் இருந்தது. அந்தப் பக்கம் பார்க்கக் கூடாதென்று பிடிவாதமாக இருந்தேன். முடியவில்லை, பார்த்தேன். யார் வென்றது என்று மறுநாள் தபால்காரன் சொல்லித்தான் தெரியும்.

அவன் வந்தபோது நான் சுத்தியலும் உளியுமாக நின்றேன். வாவி தெரியும் பக்கத்துச் சுவரை உடைத்து, மூன்று பேர் நெருங்கி நின்று பார்க்கும் அகலத்துக்கு யன்னல் வைத்தேன். பேஸ் பெட்டி நெல் மூட்டைகளுக்குப் பின்னால் போனது. இப்போது அதில் எலி குடியிருக்கிறது. வெளிச்சத்தில் படம் வெளுத்துப்போய், பந்து எங்கே போகிறதென்றே தெரியாது. ஆனாலும் தோணிக்காரன் வந்தான். யன்னலோரச் சீட்டில் இருந்து வாவியைத்தான் அதிகம் பார்ப்பான். இடைக்கிடை திரும்பி, “எத்தின?” என்று கேட்பான். நான் ஓட்டத்தைச் சொல்லுவேன்.

தபால்காரன் பிறகு மகளோடு வெளிநாடு போய்விட்டான். தோணிக்காரனுக்கும் இப்போது நடக்கக் கால் ஏலாது. பல நாள் நானும் பஸ் சீட்டுகளும்தான். யன்னலை மட்டும் நான் சாத்துவதில்லை.

ஊரில் அதைத் தோணிக்காரன் யன்னல் என்கிறார்கள். அவனுக்காக வைத்ததாம், அவன் சொல்லித்தான் வைத்ததாம். அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெயர் அவனுக்கே இருக்கட்டும், நான் குறுக்கே வரவில்லை. ஆனால் அந்தச் சுவரை உடைத்தவன் நான், உடைப்பதற்கு முன் அந்தச் சத்தத்தை உள்ளே தனியாக இருந்து கடைசிவரை கேட்டவனும் நான்தான் என்பதை, யன்னலைக் காட்டிப் பேசுகிறவர்கள் ஒருதரமாவது சேர்த்துச் சொல்ல வேண்டும்.