வியாழக்கிழமையே வந்துவிட்ட வெள்ளிக்கிழமை

வேறு யாரோ எழுதிய லைப்ரரிகளை இறக்கிவந்து, அவை ஒன்றோடொன்று சண்டை போடாமல் பார்த்துக்கொள்வதுதான் மென்பொருள்காரனின் பிழைப்பு. லைப்ரரி என்றால் நூலகம் அல்ல. ஆயத்தமாகக் கிடைக்கும் நிரல்கள். இதே பிழைப்பில் இருப்பவர்கள் இந்நேரம் பெருமூச்சு விட்டிருப்பீர்கள். மற்றவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம்.

கேட்டது ஒன்று, வந்தது ஒரு கூட்டம்

தேக்கா சந்தை மாடியில் தையல்கடை வைத்திருக்கும் மல்லிகா அக்காவுக்கு ஒரு செயலி செய்துகொடுத்தோம். தைக்கக் கொடுத்த ரவிக்கையை எந்தக் கிழமை வந்து வாங்கலாம் என்று அது வாடிக்கையாளர்களுக்குச் செய்தி அனுப்பும். சொன்ன நாளில் கொடுப்பவர் என்று அக்காவுக்குப் பெயர். தீபாவளி நெருங்குகிறது, எதுவும் பிசகக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

கிழமையைக் குறிக்க ஒரு நாள்காட்டி கேட்டார். அவர் கடையிலேயே உட்கார்ந்து அதற்கான லைப்ரரி ஒன்றை இறக்கினேன். அது ஓட இன்னும் ஐந்து லைப்ரரி வேண்டுமாம். அந்த ஐந்துக்கும் ஆளுக்கு ஏழெட்டு. திரை முழுக்கப் பெயர்கள் ஓடுவதைப் பார்த்த அக்கா கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

"ஒரு மாப்பிள்ளையக் கூப்பிட்டா பஸ் பிடிச்சு ஊரே வருதே தம்பி, இவங்களுக்கெல்லாம் யாரு சாப்பாடு போடறது?"

சுத்தம் செய்தேன்

எந்த லைப்ரரியில் எந்தப் பதிப்பைப் பயன்படுத்துகிறோம் என்பதைக் கணினியே ஒரு கோப்பில் குறித்துவைக்கும். லாக் ஃபைல் என்று பெயர். நீளமோ நீளம், மனிதன் படிக்கிற மாதிரியே இருக்காது. எனக்கோ ஒழுங்கு என்றால் உயிர். தஞ்சோங் பகார் ஆபீசில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தூக்கத்தை விரட்டுவதற்காக, தேவையில்லாத கோப்புகளை அழித்துக்கொண்டிருந்தவன், இதையும் சேர்த்து அழித்தேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

குறிப்பு காணாமல் போனதும், சர்வர் எல்லா லைப்ரரிக்கும் புத்தம்புதுப் பதிப்பாகப் பார்த்து இறக்கிக்கொண்டது. மறுநாள் காலை அதைக் கண்டுபிடித்தவர் என் மேலாளர் சுகன்யா. திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

"குமார், எச்டிபி வீட்டுப் பத்திரத்தக்கூட யாரும் படிக்கிறதில்ல, அதுக்காகக் கிழிச்சா போடுவோம்?"

வாசலில் கூட்டம்

அதற்குள் நடக்கக்கூடாதது நடந்துவிட்டது. வெள்ளிக்கிழமையை எங்கள் செயலி 'வாரத்தின் ஐந்தாம் நாள்' என்று சேமிக்கும். பழைய நாள்காட்டி திங்களிலிருந்து எண்ணும். புதுப் பதிப்போ ஞாயிற்றிலிருந்து எண்ணியது. வெள்ளி வர வேண்டியவர்களுக்கெல்லாம் வியாழன் வரச்சொல்லிச் செய்தி போயிருந்தது. அன்றைக்குத்தான் வியாழன்.

லாக் ஃபைலின் பழைய நகல் ஒன்றைத் தேடியெடுத்துத் திரும்ப வைத்துவிட்டு தேக்காவுக்கு ஓடினேன். கடை வாசலில் பத்துப் பதினைந்து பெண்கள். உள்ளே ஒரு ரவிக்கைக்கும் ஹூக் வைத்திருக்கவில்லை. என்னால் அக்காவின் பெயர் கெடப்போகிறதே என்று அழுகையே வந்தது. அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பி, "இன்னிக்கி ட்ரயல் லா, போட்டுப் பாருங்க, நாளைக்கு முடிச்சுத் தரேன்" என்றார்.

போட்டுப் பார்த்தார்கள். ஒருவருக்குக் கை இறுக்கம், இன்னொருவருக்குக் கழுத்து இறக்கம். எல்லாவற்றையும் அங்கேயே சாக்பீஸால் குறித்துக்கொண்டு, வெள்ளியன்று கச்சிதமாகக் கொடுத்தார். அந்தத் தீபாவளிக்கு ஒரு ரவிக்கைகூடத் திருத்தத்துக்குத் திரும்பி வரவில்லையாம். அடுத்த வாரம் அவரிடமிருந்து போன் வந்ததும், முதல் வேலையாக மன்னிப்புக் கேட்டேன்.

"மன்னிப்பெல்லாம் வேணாம் தம்பி, அடுத்த தீபாவளிக்கும் அந்தத் தப்ப அதே மாதிரி பண்ணிக் கொடுக்க முடியுமா?"

செய்துகொடுத்தோம். நாங்கள் மாதக்கணக்கில் மெனக்கெட்டு எழுதிய வசதிகளைப் பற்றி வாய்திறக்காத வாடிக்கையாளர்கள், நான் தெரியாமல் செய்த இந்த ஒன்றை மட்டும் இன்றும் மனதாரப் பாராட்டுகிறார்கள்.