ஜாஸ்பினின் சவறுப் பெட்டி

ஜே, ஜே, ஜே, டி. ஜே, டி, டி. காலையில் கட்டன்சாயா ஆறுவதற்குள் இந்த இரண்டு விசைகளையும் மாற்றி மாற்றித் தட்டி ஜாஸ்பின் அன்றைய மின்னஞ்சலை முடித்துவிடுவார். ஜே என்றால் அடுத்த கடிதம், டி என்றால் தூக்கிப்போடு. மவுசைத் தொடுகிற வழக்கமில்லை. திரையில் படம் கிடையாது, மினுக்கும் விளம்பரம் கிடையாது; கறுப்புப் பின்னணியில் பச்சை எழுத்து வரிவரியாக நிற்கும். பார்க்கிறவர்களுக்கு ரயில்வே முன்பதிவு கவுண்டருக்குள் எட்டிப் பார்த்தது போலிருக்கும். ஜாஸ்பினுக்கு அதுதான் கண்ணுக்குக் குளிர்ச்சி.

அருமனையில் ரப்பர் மரங்களுக்கு நடுவே ஓட்டு வீடு. இந்தப் பெண்மணிக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, ஏன் என்று கேட்டவர்களுக்கு அவர் சொன்ன பதில்களைப் பத்திரிகையில் எழுத முடியாது. நாகர்கோவிலில் ஒரு கல்லூரியின் கம்ப்யூட்டர் லேபில் உதவியாளராகக் காலம் முழுவதும் வேலை பார்த்தார். ஓய்வு பெறும்போது மற்றவர்கள் சால்வையும் சுவர்க்கடிகாரமும் வாங்கிக்கொண்டு போக, இவர் கழித்துக்கட்ட ஒதுக்கியிருந்த பழைய கீபோர்டு ஒன்றைக் கேட்டு வாங்கி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தார். அதில் பாதி எழுத்து அழிந்துவிட்டது. வேகமாகத் தட்டினால் ஓட்டின் மேல் மழை விழுகிற சத்தம் வரும்.

அஞ்சல் வாசிக்கும் நிரலின் பெயர் மட். ஆங்கிலத்தில் அதற்குக் கலப்பின நாய் என்று பொருள். "நாட்டு நாய்தான் வீட்டுக்கு நல்லது. பிஸ்கட் கேக்காது, சோபாவுல கேறிக் கிடக்காது. அறியாத ஆளு வந்தா குரைக்கும், அது போரும்" என்பார். ஆனால் அந்த நாயைப் பழக்குவது லேசான காரியமல்ல. எந்தக் கடிதத்தை எங்கே போட வேண்டும், யார் பெயரை என்ன நிறத்தில் காட்ட வேண்டும், எல்லாவற்றையும் ஒரு கோப்பில் வரிவரியாக நம் கையால் எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரு மேற்கோள் குறி விட்டுப்போனால் மொத்தமும் முரண்டு பிடிக்கும். அந்தக் கோப்பை ஜாஸ்பின் வருடக்கணக்காகத் திருத்திக்கொண்டே இருக்கிறார். வீட்டுக் கூரையைக்கூட இத்தனை முறை பழுது பார்த்ததில்லை.

கடிதம் எழுதுவதிலும் அவருக்குச் சில கறார்கள் உண்டு. ஒரு வரி திரையின் ஓரத்தைத் தொடுவதற்குள் மடங்கிவிட வேண்டும். கேள்விக்குக் கீழேதான் பதில் வர வேண்டும். தலைக்கு மேல் பதில் எழுதுகிறவர்களை மரியாதை தெரியாதவர்கள் என்று தள்ளிவிடுவார். வங்கியிலிருந்து படம் போட்ட வாழ்த்து வந்தால், "எழுத்துல பேசத் தெரியாதாடே ஒங்களுக்கு" என்று திரையைப் பார்த்தே கேட்பார்.

குப்பை அஞ்சலைப் பிடிக்க அவர் கண்டுபிடித்திருந்த வழி, லேப் பரீட்சைக்கு மார்க் போட்டுப் பழகிய கை செய்யக்கூடியது. ஒவ்வொரு சந்தேகச் சொல்லுக்கும் ஒரு மார்க். லாட்டரிக்கு இவ்வளவு, முடி வளர்க்கும் எண்ணெய்க்கு இவ்வளவு. கூட்டினால் பத்தைத் தாண்டுகிற கடிதம் நேரே சவறுக்குப் போய்விடும். தோட்டத்தில் உதிர்ந்த இலையைக் கூட்டி ஒதுக்குவார்களே, அதுதான் சவறு. அந்தப் பெயரையே அவர் பெட்டிக்கு வைத்திருந்தார். ஒருமுறை சவறுக்குப் போன முகவரியிலிருந்து பிறகு எது வந்தாலும் கேள்வி கேட்காமல் அங்கேயே போகும். தெரிந்தவர்களின் முகவரிகளுக்கு மட்டும் மார்க் கிடையாது, தாராளமாக உள்ளே வரலாம். "என் பெட்டியில ஒரு சவறு கேறாது, கேட்டியா" என்று சொல்லும்போது முகத்தில் ஒரு கர்வம் தெரியும். இவ்வளவு கர்வம் ஆகாது என்று கேட்கிறவர்களுக்குத் தோன்றும். சொல்லத் துணிவு வராது.

போன வருடத் தொடக்கத்தில் விதவைகள் வர ஆரம்பித்தார்கள். எல்லாம் சாகக்கிடக்கும் விதவைகள். "டியர்லி பிலவட் இன் கிறைஸ்ட்" என்று தொடங்கி, கணவன் இறந்த துக்கத்தைச் சொல்லி, என் கோடிகளை உங்கள் சபைக்கு எழுதிவைக்கிறேன், வங்கி விவரம் தாருங்கள் என்று முடிப்பார்கள். ஜாஸ்பினுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. லாட்டரிக்காரனையாவது மன்னிக்கலாம், ஆண்டவர் பெயரைச் சொல்லி ஏய்க்கிறவனை எப்படி விடுவது? அந்த விளிக்கு ஆறு மார்க், விதவை என்ற சொல்லுக்கு ஐந்து மார்க் என்று கோப்பில் இரண்டு வரி சேர்த்தார். அத்தோடு விதவைகளின் வரத்து நின்றது.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. அந்தப் பக்கத்துச் சபைகளில் யார் யாருக்குக் கடிதம் எழுதினாலும் அப்படித்தான் தொடங்குவார்கள். கிறிஸ்துவுக்குள் பிரியமான என்று தமிழில் எழுதிப் பழகியவர்கள், ஆங்கிலத்துக்குப் போகும்போது அதையும் கையோடு கூட்டிக்கொண்டு போனார்கள். சபை விருந்தான அசனத்துக்கு முந்தின நாள் காய்கறி வெட்ட வரச்சொல்லிப் போதகர் அனுப்பிய அறிவிப்பில் விதவைகள் உதவி நிதியைப் பற்றியும் ஒரு வரி இருந்ததால் அது நேரே சவறுக்குப் போயிற்று. சபைப் பெண்கள் எல்லாரும் கத்தரிக்காயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது ஜாஸ்பின் வீட்டில் கஞ்சியும் பயறும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். விஷயம் தெரிந்ததும் விழுந்து விழுந்து சிரித்தார். போதகரின் முகவரியைத் தெரிந்தவர்களோடு சேர்த்துவிட்டு, அந்த இரண்டு வரிகளையும் அப்படியே விட்டுவிட்டார். அப்போதாவது யோசித்திருக்கலாம்.

ஏனென்றால் அதே விளியோடு எழுதுகிற ஒருவர் ஜாம்பியாவில் இருந்தார். குளோரி. பாடகர் குழுவில் பக்கத்தில் நின்று பாடிய சிநேகிதி; கல்யாணமானதும் கணவர் பிரைட்டனோடு ஆசிரியை வேலைக்குப் போனவர். தொண்ணூறுகளின் கடைசி அது. லேபுக்குத் தனித் தொலைபேசி கிடையாது. சாயங்காலம் அலுவலகம் அடைத்த பிறகுதான் அந்த இணைப்பு இவர்களுக்குக் கிடைக்கும். மோடம் கீச்சிட்டுக் கரகரத்து ஓய்ந்ததும் குளோரியின் கடிதம் ஒவ்வொரு வரியாகத் திரையில் இறங்கும். முதல் வரி டியர்லி பிலவட் இன் கிறைஸ்ட். அடுத்த வரியிலிருந்து ஆங்கில எழுத்தில் அருமனைத் தமிழ். "ஏட்டி, இங்க மரச்சீனி உண்டு, கடமீன் இல்ல" என்று, மரவள்ளிக்கிழங்குக்குத் தொட்டுக்கொள்ளக் கடல்மீன் இல்லாத குறையைச் சொன்னது முதல் கடிதம். ஓரத்தில் துளை போட்ட தாளில் அதை அச்சடித்து, குளோரியின் அம்மாவிடம் கொண்டுபோய் ஜாஸ்பின் வாசித்துக் காட்டுவார். அந்த அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. கிறைஸ்ட் என்ற சொல் காதில் விழுந்ததும் ஆமென் சொல்லிவிட்டுத்தான் மீதியைக் கேட்பார்.

அந்தச் சாயங்காலங்களை நினைத்தால் ஜாஸ்பினுக்கு இன்றும் நெஞ்சு நிறைந்துவிடும். காத்திருந்து வாங்கியதால் ஒவ்வொரு வரிக்கும் ருசி இருந்தது. ஊரே வாட்சாப்புக்குப் போன பிறகும் இருவரும் இதை விட்டு நகராததற்குக் காரணம் அதுதான். "அது சந்த, இது வீடு" என்பது ஜாஸ்பினின் கட்சி. அவர் கையில் இருப்பது இன்றும் பொத்தான் போன்.

போன வருடம் மழைக்காலத்தோடு குளோரியின் கடிதம் நின்றுபோயிற்று. ஜாஸ்பின் இரண்டு முறை எழுதிப் பார்த்தார். பதில் இல்லை. "பேரப்பிள்ளையக் கண்டதும் நம்மள மறந்தாச்சு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, பிறகு எழுதுவதை விட்டார். கிறிஸ்துமஸுக்குக்கூட எழுதவில்லை. பிடிவாதம் பிடித்தாரே தவிர, ஒவ்வொரு நாளும் அந்தப் பெயரைத் தேடித்தான் பெட்டியைத் திறந்தார்.

இந்த வருடம் ஒரு கல்யாணத்துக்குக் குளோரியின் அண்ணன் மகன் ஷைஜு வந்திருந்தான். அந்தக் குடும்பம் பூதப்பாண்டிக்கு வீடு மாறி வெகுகாலமாகிவிட்டது. ஆலய வாசலில் ஜாஸ்பினைக் கண்டவன் முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பிறகு மனசு கேளாமல் பக்கத்தில் வந்தான்.

"மாமி, ஒண்ணு கேக்கட்டா? பிரைட்டன் மாமன் மரிச்சதுக்கு நீங்க ஒரு வரி எழுதல்லியே. குளோரி மாமி மூணு மெயில் போட்டாவளாம். போன்ல அதையே சொல்லிச் சொல்லி அழுதாவ."

பிரைட்டன் இறந்த செய்தியே ஜாஸ்பினுக்கு அப்போதுதான் தெரியும். பந்தியில் உட்காரவில்லை. ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்து, பட்டுச்சேலையை மாற்றாமலே சவறுப் பெட்டியைத் திறந்தார். சாகக்கிடக்கும் விதவைகள் மேலிருந்து கீழ்வரை வரிசையாக நின்றார்கள். அவர்களுக்கு நடுவே, மகன் பெயரில் இருந்த ஒரு புது முகவரியிலிருந்து, குளோரியும் நின்றுகொண்டிருந்தார். டியர்லி பிலவட் இன் கிறைஸ்ட், ஆறு மார்க். தமிழில் சொல்ல மனம் வராமல் ஆங்கிலத்திலேயே எழுதியிருந்த ஐ ஆம் எ விடோ நௌ, ஐந்து மார்க். நாய் மேல் ஒரு தப்பும் இல்லை. குரைக்கச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான்.

பழைய முகவரியின் பாஸ்வேர்டு பிரைட்டனுக்கு மட்டும்தான் தெரியும், இனி இதில் எழுது என்றிருந்தது முதல் கடிதம். இரண்டாவது, உடம்பு சுகமில்லையா என்று விசாரித்தது. மூன்றாவதில் விளிக்குக் கீழே ஒரே வரி.

"ஏட்டி, நீயும் என்ன விட்டுட்டுப் போயிட்டியா?"

ஜாஸ்பின் வாய்விட்டு அழுதார். அழுது முடித்து முகம் கழுவிவிட்டு, கோப்பைத் திறந்து அந்த இரண்டு வரிகளையும் அழித்தார்; குளோரியின் புது முகவரியைத் தெரிந்தவர்களோடு சேர்த்தார். பிறகு பதில் எழுத உட்கார்ந்தார். குளோரியின் அந்த ஆங்கில விளியை இத்தனை காலமும் கேலி செய்து, தான் மட்டும் "ஏட்டி குளோரி" என்றே தொடங்குகிறவர், அன்றைக்கு டியர்லி பிலவட் இன் கிறைஸ்ட் என்று முழுசாக அடித்தார். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார்.

மறுநாளே பதில் வந்தது. "அப்பம் நீ என்ன சவறுண்ணு தள்ளிட்டியா?" என்று கேட்டிருந்த குளோரி, பக்கத்தில் ஒரு முக்காற்புள்ளியும் ஓர் அடைப்புக்குறியும் போட்டிருந்தார். படம் அனுப்ப வழியில்லாத அந்தக் காலத்தில் இருவரும் சிரித்துக்கொண்ட சிரிப்பு அது.

இப்போது காலைகளில் விதவைகள் மறுபடியும் வருகிறார்கள். கட்டன்சாயா ஆறிப்போகிறது. ஜே, ஜே என்று ஓடுகிற விரல், டியர்லி பிலவட் என்ற வரியைக் கண்டதும் டிக்கு மேலே அப்படியே நிற்கும். ஜாஸ்பினின் கண் கடிதத்தின் அடிவரைக்கும் இறங்கி, எழுதியவரின் பெயரைப் பார்த்துவிட்டு வந்த பிறகுதான் அந்த விரல் கீழே இறங்கும்.