அல் கோபாருக்குப் போகாத வருடம்

பாப்பா, தம்பி, இரண்டு பேருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். "எங்கப்பா முன்னாடி காலேஜ் கோச்" என்று நீங்கள் நண்பர்களிடம் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வரும். நான் கோச் இல்லை. அசிஸ்டென்ட் கோச். இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது.

பாஸ்கெட்பால் ஆட்டம் நடக்கும்போது பெஞ்சில் முதல் நாற்காலி கோச்சுக்கு. அடுத்தது எனக்கு. ஜெயித்தால் எல்லோரும் அவருக்குக் கை கொடுப்பார்கள். தோற்றால் பையன்கள் என் பக்கம் வந்து உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொள்வார்கள். பந்துக்குக் காற்றடிப்பது, வேனுக்குச் சொல்லிவைப்பது, கணுக்காலில் டேப் சுற்றுவது, வீட்டு நினைப்பில் சாப்பிடாமல் இருக்கும் பையனுக்கு டீ வாங்கிக்கொடுத்துப் பேசவைப்பது எல்லாம் என் வேலை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. பிளஸ் டூவும் ஒரு வருட உடற்கல்விச் சான்றிதழும் படித்தவனுக்கு ஷார்ஜாவில் ஒரு காலேஜில் நாற்காலி கிடைத்ததே பெரிது.

அது கிடைத்ததற்குக் காரணம் எங்கள் கோச். கேரளத்துக்காரர். இளவயதில் கோயம்புத்தூரில் ஆடியவர், அதனால் தமிழ் நன்றாக வரும். அந்தக் காலத்தில் நான் எதிர் டீமில் ஆடியிருக்கிறேன். அதை ஞாபகம் வைத்திருந்து, தான் ஷார்ஜாவுக்கு வந்ததும் என்னைக் கூப்பிட்டுக்கொண்டார்.

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. கோச் ஒரு காலேஜை விட்டுப் போனால், அவர் கொண்டுவந்த ஆளும் கூடவே போக வேண்டும். இப்படி எங்கும் எழுதி வைக்கவில்லை. ஆனால் புதிதாக வருகிறவர் தன் ஆளோடு வருவார். பழைய ஆள் அங்கே நின்றால் யாருக்கும் நல்லதில்லை. கல்யாண வீட்டுச் சமையல் மேஸ்திரி மாறினால் கரண்டி பிடிக்கிறவரும் மாறுகிற மாதிரிதான்.

இன்னொரு வேலையும் எனக்கு இருந்தது. நாங்கள் அடுத்து மோதப் போகும் டீம் எப்படி ஆடுகிறது என்று முன்னாலேயே போய்ப் பார்த்து வர வேண்டும். அந்த ஆட்டங்கள் பெரும்பாலும் லீவு நாளில் வரும். இரண்டாயிரத்து ஆறு வாக்கில் லீவு வியாழன், வெள்ளியிலிருந்து வெள்ளி, சனிக்கு மாறியது. எப்படி மாறினாலும் என்னுடைய லீவு நாள் ஏதாவது ஒரு ஹாலில்தான் கழியும். உங்கள் அம்மா ஒருநாள் சொல்லிவிட்டாள்: "வாரம் பூரா உங்கள பாக்க முடியல. வெள்ளிக்கிழமையும் போனா எப்படி? நாங்களும் வர்றோம்." அன்று முதல் எலுமிச்சைச் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டு நாம் நான்கு பேரும் அப்போது குடியிருந்த அஜ்மானிலிருந்து துபாய்க்கும் ஷார்ஜாவுக்கும் மாறி மாறிப் போனோம். மற்ற குடும்பங்கள் கடற்கரைக்குப் போகும். நாம் ஏசி ஹாலில் காலரியில் உட்கார்ந்திருப்போம். பாப்பா, உனக்கு அப்போது ஒன்பது வயது. "அப்பா, அந்த பதினோராம் நம்பர் அண்ணன் லெஃப்ட்லயே போறாரு" என்று கத்துவாய். முன்வரிசையில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். தம்பி தூங்கிவிடுவான். பஸ்ஸர் அடித்தால்கூட எழுந்திருக்க மாட்டான்.

அந்த வருடம் குளிர் முடிகிற சமயம். பயிற்சி முடிந்து பையன்கள் போனபின் கோச் என்னைக் காருக்குள் கூப்பிட்டார்.

"எடோ, சவுதியில, அல் கோபார்ல ஒரு காலேஜ் கூப்பிடுது. நான் சரின்னு சொல்லிட்டேன். நீயும் வர்றே."

கேள்வி இல்லை. "வர்றே" என்றுதான் சொன்னார். அதில் அதிகாரம் இல்லை, அன்புதான்.

"எனக்கு ரெண்டு வருஷம் போதும்டோ. அப்புறம் ஊருக்குப் போயிடுவேன். அந்த நாற்காலி உனக்கு. அங்க டிகிரி எல்லாம் கேக்க மாட்டாங்க, நான் பேசிட்டேன். இங்கயே இருந்தா சாகறவரை ரெண்டாவது நாற்காலிதான்."

அது உண்மை. டிகிரி இல்லாமல் எமிரேட்ஸில் எந்தக் காலேஜும் என்னைத் தலைமைக் கோச்சாக எடுக்காது. பதினெட்டு வயதிலிருந்து எனக்கு இருந்த ஒரே ஆசை அந்த முதல் நாற்காலி. உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது?

"ஃபேமிலி விசா?" என்றேன்.

"முதல் வருஷம் பேச்சிலர், தனியாத்தான். அப்புறம் பாக்கலாம்."

"அப்புறம் பாக்கலாம்" என்ற சொல்லைக் கல்ஃபில் இருப்பவர்கள் எல்லோரும் அறிவார்கள். கோச்சின் மனைவியும் இரண்டு மகன்களும் கோட்டயம் பக்கம் இருந்தார்கள். முதலில் மஸ்கட், அப்புறம் தோஹா, அதன் பின் ஷார்ஜா என்று அவர் மாறிக்கொண்டே இருந்ததில், பெரியவன் பத்தாவது முடித்ததை அவர் போனில்தான் கேட்டார். அந்த மூன்று இடங்களுக்கும் முன்னால் வீட்டில் அவர் சொல்லியிருந்ததும் "அப்புறம் பாக்கலாம்" தான்.

வீட்டுக்கு வந்து உங்கள் அம்மாவிடம் சொன்னேன். மாவு அரைத்துக்கொண்டிருந்தாள். கிரைண்டரை நிறுத்திவிட்டுக் கேட்டாள்:

"நாங்க ஊருக்குப் போகணுமா?"

"ஒரு வருஷம்தான்."

"சரி. அப்புறம் நாங்க அங்க வந்துட்டோம்னு வைங்க. நீங்க ஆட்டம் பாக்கப் போறப்ப நாங்க காலரியில உக்காரலாமா?"

எனக்கு அது தோன்றவே இல்லை. மறுநாள் கோச்சிடம் கேட்டேன். அவர் காபியை வாயில் வைத்தபடியே சிரித்துவிட்டார்.

"என்னடோ, சவுதியில பாஸ்கெட்பால் கோர்ட்டுக்குள்ள லேடீஸா? மாஃபி, கிடையவே கிடையாது! அவங்க வீட்டுல இருப்பாங்க. கம்பவுண்டு பெருசு, நல்ல ஏசி."

"என் பொண்ணும்?"

"பொண்ணும்தான்."

அவர் அதை ஒரு குறையாகவே நினைக்கவில்லை. அவருடைய வீட்டார் அவர் ஆடுவதையோ ஆடவைப்பதையோ பார்த்தது கிடையாது. எனக்கோ அதற்குப் பிறகு வேறு எதுவும் காதில் விழவில்லை. பதினோராம் நம்பர் இடப்பக்கம் போகிறான் என்று இனி யார் கத்துவார்கள்?

நம் கட்டிடத்துக்குக் கீழே மளிகைக் கடை வைத்திருந்த கீழக்கரை காக்கா உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அவரிடம் சொன்னேன்.

"என்ன தம்பி நீங்க, அல்லா குடுக்கிற ரிஜுக்கு, பொழப்பு, கதவத் தட்டுது, தொறக்க மாட்டேங்கிறீங்களே!" என்றார். கொஞ்ச நேரம் பால் டப்பாக்களை அடுக்கிவிட்டு, "ஆனா ஒண்ணு. நான் வந்து இருபத்தஞ்சு வருசமாச்சு. என் மவ கல்யாணத்துல என்னைக் காமிச்சு, 'இவங்கதான் எங்க வாப்பா'ன்னு சேக்காளிகளுக்கு அறிமுகம் பண்ணிவெச்சா. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்" என்றார். மறுபடியும் பால் டப்பாக்களிடம் திரும்பிக்கொண்டார்.

அந்த வாரமே கோச்சிடம் வரவில்லை என்று சொன்னேன். அவர் கோபப்படுவார் என்று பயந்தேன். அவர் காரைக் கிளப்பினார். "புதுசா வர்றவன் உன்னை வெச்சுக்க மாட்டான், தெரியுமில்ல?" என்றார்.

"தெரியும் சார்."

"பின்ன என்ன பண்ணுவே?"

"தெரியல சார்."

"பைத்தியக்காரன்" என்றார். ஆனால் வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிட்டுத்தான் போனார்.

அவர் சொன்னதுதான் நடந்தது. புதிய கோச் தன் ஆளோடு வந்தார். நல்ல மனிதர், மரியாதையாகவே பேசினார். கோடை லீவு முடியும்வரை சம்பளம் உண்டு, அதன் பின் கலாஸ், முடிந்தது. என் விசா போனால், அதை நம்பி நிற்கும் உங்கள் மூன்று பேர் விசாவும் போகும். அல் கோபாருக்கு மாட்டேன் என்று சொன்னதே உங்களை ஊருக்கு அனுப்பாமல் இருக்கத்தான். இப்போது எல்லோருமே மூட்டை கட்ட வேண்டிய நிலை. நான் அலைந்தேன். விளையாட்டுச் சாமான் கடை, ஜிம், கிளப். எல்லா இடத்திலும் பேச்சிலர் என்றால் வா என்றார்கள். குடும்பம் என்றதும் கையை விரித்தார்கள்.

வழி கண்டுபிடித்தது அம்மா. உங்கள் பள்ளியில் டிசி எப்படி வாங்குவது என்று விசாரிக்கப் போனவள், ஆபீஸ் வராந்தாவில் பிரின்சிபால் மேடத்தைப் பார்த்திருக்கிறாள். ஏன் பிள்ளைகளைக் கூட்டிப்போகிறீர்கள் என்று மேடம் கேட்க, அம்மா தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் முழுக்கதையையும் சொல்லிவிட்டாள். எலுமிச்சைச் சாதம் வரைக்கும். மேடம் கேட்டது ஒன்றுதான்: "அவர் சின்னப் பிள்ளைகளுக்கு ஆடக் கத்துக்கொடுப்பாரா?"

வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னபோது என் முகம் சுருங்கியது அவளுக்குத் தெரிந்தது.

"பி.டி. வாத்தியாரா?" என்றேன்.

"ஆமா. விசில் ஊதி வரிசையில நிக்க வெக்கணும். ஏன், உங்களுக்கு ஊதத் தெரியாதா?"

காக்காவும் விடவில்லை. "காலேஜு கோச்சு இப்ப அஞ்சாங்கிளாசு கோச்சா தம்பி? இறங்குறதுன்னா லிஃப்டுலயே இறங்கிட்டீங்க!" என்றார். நானும் சிரித்தேன். உள்ளே கொஞ்சம் குத்தத்தான் செய்தது. ஆனால் பள்ளி என் விசாவைத் தன் பேரில் எடுத்துக்கொண்டது, உங்கள் விசா என்னோடு நின்றது. அந்தக் கோடை முழுவதும் நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

பள்ளி திறப்பதற்கு முன் கோபாரிலிருந்து கோச் போன் செய்தார். டீம் பரவாயில்லை, ஹால் அருமை என்றார். பேசிக்கொண்டே இருந்தவர் இடையில், "நீ அப்ப காலரி பத்திக் கேட்டதுல இருந்து என் பொண்டாட்டிகிட்ட பேசிட்டு இருக்கேன். அடுத்த வருஷம் கொச்சியில ஏதாவது வேலை பாக்கலாம்னு. நீயும் தெரிஞ்சவங்க யாருகிட்டயாவது சொல்லிவை" என்றார். நான் இரண்டு பேரிடம் சொல்லிவைத்தேன்.

முதல் நாள் காலையில் நாம் மூன்று பேரும் ஒரே பள்ளி பஸ்ஸில் ஏறினோம். பாப்பா, நீ என் பக்கத்தில் உட்காரவில்லை. ஏறுவதற்கு முன்னாலேயே கண்டிஷன் போட்டாய்: "அப்பா ப்ளீஸ், ஸ்கூல்ல என்னை பாப்பான்னு கூப்பிடாதீங்க. ஐ வில் கால் யூ சார். ஓகே?" ஓகே என்றேன்.

மூன்றாவது பீரியட் உன் வகுப்பு. சிமென்ட் தரை, நிழலுக்கு ஒரு தகரக் கூரை, வலை இல்லாத வளையம். எல்லோரையும் வரிசையில் நிறுத்திப் பந்தை எப்படித் தட்டுவது என்று காட்டினேன். "புரிஞ்சுதா?" என்றேன். நீ முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொண்டு "யெஸ் சார்" என்றாய். நீ என் மகள் என்று யாருக்கும் தெரியவில்லை.

அப்போதுதான் மாடி ஜன்னல் கம்பிக்கு நடுவில் ஒரு தலை தெரிந்தது. ஒன்றாம் வகுப்பு. "அப்பா! அக்கா! நான் இங்க இருக்கேன்!" என்று தம்பி மைதானம் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினான். வகுப்பே திரும்பி உன்னைப் பார்த்தது. நீ இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாய். நான் எல்லோரையும் அடக்க விசிலை எடுத்து வாயில் வைத்தேன். சிரிப்பில் ஊத முடியவில்லை.