ஸ்டூல் இல்லாத கூடம்

ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் அவளுக்குக் கறாரக்கா என்று பெயர். வைத்தது யார் என்று யாருக்கும் நினைவில்லை. ஏன் வைத்தார்கள் என்று கேட்டால் மட்டும் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். படுக்கை விரிப்பின் நான்கு முனைகளும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காராவிட்டால் உதறிப் போட்டு மறுபடி மடிப்பாள். ஆபரேஷன் அங்கியின் நாடா வெளியே எட்டிப் பார்த்தால், மடித்தவளை ஒருமுறை திரும்பிப் பார்ப்பாள். ஒரு வார்த்தை பேச மாட்டாள். அந்தப் பார்வைக்கு நாலு திட்டு வாங்குவது மேல் என்பார்கள்.

வீட்டில் அவள் சின்னவள். அவளுக்கு மூத்தவள் ஒருத்தி, முன்னறையில் தையல் மெஷின் போட்டு ஜன்னல் திரைகளும் பள்ளிச் சீருடைகளும் தைப்பவள். அப்பா படுத்த படுக்கையானபோது இரண்டு பேரில் ஒருத்தி வெளியே வேலைக்குப் போக வேண்டியிருந்தது. மூத்தவளுக்குப் பிறவியிலேயே ஒரு கால் சற்றுக் குட்டை. ஆகவே உட்காரும் வேலை அக்காவுக்கு, நிற்கும் வேலை தங்கைக்கு என்று, யாரும் வாய் திறந்து பேசாமலே முடிவாயிற்று. பள்ளிப் பையை ஆணியில் மாட்டிவிட்டுப் போனவள், தலை பாதி நரைத்த பிறகும் அதே மடிப்பு மேசையின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

மாலையில் வந்ததும் தரையில் படுத்து, இரண்டு கால்களையும் சுவரில் ஏற்றி வைத்துக்கொள்வாள். கெண்டைக்காலில் நரம்புகள் பச்சைக் கயிறு போல முடிச்சு முடிச்சாகத் தெரியும்.

“காலாடி இது? தண்ணி ரொப்பின பை மாதிரி இருக்கு.”

“நாளைக்குச் சரியாயிடும்க்கா.”

“நேத்தும் இதையேதான் சொன்னே. உன்னோட நாளைக்கு எந்த ஊர்லேருந்து நடந்து வருது?”

சின்னவள் சிரிப்பாள். சிரிப்பதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே என்பதுபோல, பாதியிலேயே நிறுத்திவிடுவாள்.

அந்தச் சமயத்தில்தான் ஆராய்ச்சிப் பெண் வந்தாள். பல்கலைக்கழகத்திலிருந்து அனுப்பியிருந்தார்கள். காதுக்கு மேலே பென்சில், தோளைக் கீழே இழுக்கும் ஒரு பை. மடிப்பு வேலை செய்பவர்களைக் கூட்டி, வந்த விஷயத்தை நேராகச் சொன்னாள். கறை போகாத விரிப்பு, கிழிந்த அங்கி இதையெல்லாம் மடிக்கிறவர்கள் கண்டுபிடித்து ஒதுக்க வேண்டும். கண்ணில் படாமல் வார்டுக்குப் போனால், மடித்த மேசையின் எண் எழுதிய துண்டுச் சீட்டோடு அது திரும்பி வரும். நாள் முழுக்க நிற்பதால்தான் சாயங்காலத்தில் கண் தவறுகிறது என்பது அவளுடைய சந்தேகம். உட்கார வைத்தால் தூங்கி வழிவார்கள் என்பது மேனேஜருடைய கட்சி. இரண்டில் எது சரி என்று பார்த்துவிடலாம் என்று அவரைச் சம்மதிக்க வைத்திருந்தாள். பலன் தெரிந்தால் எல்லா மேசைக்கும் உயரமான ஸ்டூல் வரும். தெரியாவிட்டால் போட்டதையும் எடுத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு ஸ்டூல் என்ற பேச்சையே எடுக்க முடியாது.

சலவைப் பிரிவில் மடிப்புக்கு மேல்கூடம், கீழ்க்கூடம் என்று இரண்டு. ஒன்றுக்கு ஸ்டூல் கொடுத்து, மற்றதை அப்படியே விட்டுப் பார்ப்பதாக ஏற்பாடு. எதற்குக் கொடுப்பது என்று இரண்டு சீட்டு எழுதிக் குலுக்கினார்கள். மேல்கூடத்துக்கு விழுந்தது. கறாரக்காவின் மேசை கீழ்க்கூடத்தில்.

“மேல இருக்கறவங்களுக்குத்தான் எல்லாம் மேல மேல போகும்” என்றாள் பக்கத்து மேசைக்காரி. உயரத்தை வைத்து அவளுக்கு நெட்டை என்று பெயர். “கீழ இறங்கறதெல்லாம் அழுக்கு மூட்டை மட்டும்தான்.”

கீழ்க்கூடத்தில் சிரித்தார்கள். ஆனால் சாயங்காலத்துக்குள் வேறொரு பேச்சு கிளம்பிவிட்டது. ஸ்டூல் என்பதெல்லாம் சாக்கு; யார் மட்டம் என்று பார்த்து ஆளைக் குறைக்கத்தான் இந்த ஏற்பாடு என்றார்கள். கறாரக்கா அதை நம்பவில்லை. அவளைச் சுட்டது வேறு. நமக்கு ஒன்றும் கொடுக்காமல், நாம் எவ்வளவு தப்பு செய்கிறோம் என்று பார்க்கப் போகிறார்களா?

“பார்க்கட்டும்” என்றாள். “ஸ்டூல் போட்டாத்தான் வேலை நடக்கும்னு மேல்கூடத்தைப் பத்தி எழுதிக்கட்டும். நாம நின்னே காட்டுவோம்.”

அதிலிருந்து கீழ்க்கூடம் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு வேலை செய்தது. ஒவ்வொரு விரிப்பையும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தார்கள். ஒருத்தி பார்த்ததை இன்னொருத்தியும் பார்த்தாள். டீயை நின்றபடியே வாயில் கவிழ்த்துக்கொண்டு திரும்பினார்கள். உலர்த்தும் இயந்திரத்தின் சூட்டில் முகம் வெந்தாலும் யாரும் வெளியே போய் நிற்கவில்லை.

“அக்கா, மூச்சு விட்டுக்கலாமா?” என்று நெட்டை கேட்பாள்.

“மடிச்சுக்கிட்டே விடு.”

வீட்டில் சின்னவள் தட்டில் கை வைத்தபடியே கண்ணயர ஆரம்பித்தாள். ஒருநாள் வீட்டுக்கு ஏறும் மாடிப்படித் திருப்பத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். சத்தத்தையே காணோமே என்று மூத்தவள் நொண்டி நொண்டி இறங்கி வந்து பார்த்தாள்.

“ஸ்டூல் வாங்கித் தரேன்னு வந்தவ, இருக்கற காலையும் வாங்கிட்டுப் போயிடுவா போலிருக்கே!”

“அவ என்ன செய்வா? ஓடறது நாங்கதானே.”

“யாரு துரத்தறா உங்களை?”

சின்னவள் கைப்பிடியைப் பற்றி எழுந்தாள்.

சில வாரம் கழித்து ஆராய்ச்சிப் பெண் கீழ்க்கூடத்துக்கு வந்தாள். வழக்கமான சுறுசுறுப்பைக் காணோம். கறாரக்காவை அழுக்கு மூட்டைகள் அடுக்கிய மூலைக்குக் கூட்டிப் போனாள்.

“அக்கா, உங்க கூடத்துல என்ன நடக்குது?”

“ஏன், என்ன குறை?”

“குறையே இல்லை. அதுதான் பிரச்சினை. மேல ஸ்டூல் போட்டப்புறம் திரும்பி வர்றது கொஞ்சம் குறைஞ்சிருக்கு. இங்க நான் ஒண்ணுமே குடுக்கலை. இங்க அதைவிட ஜாஸ்தியா குறைஞ்சிருக்கு.”

கறாரக்காவுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. வலித்த முதுகுகூட ஒரு கணம் நேரானது. அந்தப் பெண் அடுத்ததைச் சொன்னாள்.

“இதை இப்படியே கொண்டு போய்க் குடுத்தா மேனேஜர் என்ன சொல்லுவார்? நிக்க வெச்ச இடத்துலதான் வேலை நல்லா நடக்குது, ஸ்டூலைத் தூக்குங்கன்னு சொல்லுவார்.”

இத்தனை நாள் உயிரைக் கொடுத்து நின்றது எதற்காக என்று கறாரக்கா நினைத்துப் பார்த்தாள். கீழ்க்கூடத்துக் கால்களுக்கு வர வேண்டிய ஸ்டூலை அவளே உதைத்துத் தள்ளியிருக்கிறாள்.

“அப்படின்னா நாளையிலேருந்து மெதுவா செய்யச் சொல்லிடறேன். நாலு கறை போனாப் போகுது.”

“ஐயோ, வேண்டாம்க்கா! இப்ப நடந்தது ஒரு பொய்னா அது இன்னொரு பொய். அப்புறம் ஸ்டூலால என்ன ஆகுதுன்னு எனக்குத் தெரியாமலே போயிடும்.”

“பின்ன என்னதான் செய்யச் சொல்றே?”

“எதையும் செய்ய வேண்டாம். நான் வராம இருந்தா எப்படி இருப்பீங்களோ அப்படி இருங்க.”

“நீதான் வந்துட்டியேம்மா.”

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். சிரித்தபடியே ஒரு மூட்டையின் மேல் தொப்பென்று உட்கார்ந்தாள். அவள் கண்ணடியிலும் கருமை இருப்பதைக் கறாரக்கா அப்போதுதான் கவனித்தாள்.

“தப்பு என்னோடதுதான்க்கா. ஒரு கூடத்துக்குக் குடுத்து, ஒரு கூடத்துக்குக் குடுக்காம விட்டா வீம்பு வராம என்ன வரும்? அதோட, மேல ஜன்னல் ஜாஸ்தி. நல்லா காத்து வருது. அங்க தப்பு குறைஞ்சது ஸ்டூலாலயா, காத்தாலயா? எப்படிப் பிரிச்சுச் சொல்றது? ரெண்டே ரெண்டு கூடத்தை வெச்சுக்கிட்டுச் சீட்டுக் குலுக்கினதே பிசகு.”

மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்றாள். இந்த முறை கூடத்துக்குச் சீட்டு இல்லை, ஆளுக்குச் சீட்டு. காலையில் உள்ளே வரும்போது ஒவ்வொருத்தியும் வாசலில் இருக்கும் டப்பாவிலிருந்து ஒன்றை எடுக்க வேண்டும். இன்றைக்கு ஸ்டூல் விழுந்தவளுக்கு நாளைக்கு விழாமல் போகலாம். உட்கார்ந்த நாளில் ஒருத்தி எப்படி, நின்ற நாளில் அவளே எப்படி என்று பார்த்தால், ஜன்னலும் அதேதான், ஆளும் அதேதான். மேல், கீழ் என்ற பேச்சே கிடையாது.

அதற்கு மேனேஜரிடம் மறுபடி அனுமதி வாங்க வேண்டும். அவர் அறைக்குப் போன பெண் வெகுநேரம் கழித்து வெளியே வந்தாள். முகத்தைப் பார்த்தால் சலவை இயந்திரத்தில் போட்டுப் பிழிந்தது போலிருந்தது. ஆனால் அனுமதி கிடைத்துவிட்டது.

“மறுபடியும் முதல்லேருந்தா?” என்று நெட்டை பெருமூச்சு விட்டாள். “எங்க கல்யாணப் பேச்சுகூட இவ்வளவு இழுக்கலையே.”

இரண்டு கூடத்துக்கும் சீட்டு எடுப்பது சீக்கிரமே பழகிப்போயிற்று. கறாரக்காவுக்குத்தான் பழகவில்லை. நின்ற நாளில் சாயங்காலம் ஆனதும் அவளுக்குள்ளே இருந்து யாரோ அதட்டுவார்கள்: முழிச்சுப் பாரு, முதுகை நிமிர்த்து. அந்த அதட்டலில் கண் தானாகக் கூர்மையாகிவிடும். எப்போதும் போல இரு என்று அந்தப் பெண் சொன்னாள். எப்போதும் போல என்றால் எது? ஊரே பார்க்கிற மாதிரி விறைத்துக்கொண்டு நிற்பதா? அதற்கு அடியில் இருப்பதா?

வீட்டில் மூத்தவளிடம் கேட்டாள்.

“நான் களைச்சுப் போனா எப்படிக்கா இருப்பேன்?”

மூத்தவள் மெஷினை நிறுத்தினாள். “நானே சரியாப் பார்த்ததில்லையேடி. வாசலுக்கு வெளியிலேயே மூஞ்சியைச் சரி பண்ணிக்கிட்டுத்தானே உள்ள வர்றே. அப்பா படுத்திருந்தப்போ ஆரம்பிச்ச வழக்கம். அவர் போயும் எவ்வளவு காலமாச்சு! யாருக்காக இன்னும் பண்றே?”

சின்னவள் சுவரில் ஏற்றிய கால்களைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

பிறகு ஒருநாள், நிற்கும் சீட்டு விழுந்த நாள். மழைக்கு முந்தின புழுக்கம். மதியத்துக்கு மேல் பாதங்கள் செருப்புக்குள் அடங்கவில்லை. விரிப்புகள் வந்துகொண்டே இருந்தன. உள்ளே இருந்து அதட்டல் வந்தது. அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வேண்டுமென்றே எதையும் விடவும் இல்லை. மேசையில் இடுப்பைச் சாய்த்துக்கொண்டு, களைத்துப்போன ஒரு பெண் எப்படிப் பார்ப்பாளோ அப்படிப் பார்த்தாள், எப்படி மடிப்பாளோ அப்படி மடித்தாள். அவ்வளவுதான்.

மறுநாள் வார்டிலிருந்து ஒரு விரிப்பு திரும்பி வந்தது. நடுவில் உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்புக் கறை. எட்ட நின்றாலே தெரியும். மூட்டையைப் பிரித்த நெட்டை துண்டுச் சீட்டைப் பார்த்துவிட்டு விரிப்பை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு வந்தாள்.

“அக்கா, சத்தம் போடாதீங்க. உங்க மேசை நம்பர்.”

கறாரக்கா விரிப்பை வாங்கிப் பார்த்தாள்.

“குடுங்க, என் நம்பர் எழுதின சீட்டைக் குத்தி வெச்சுடறேன். என் பேரு ஏற்கெனவே நாறிக் கிடக்கு. இன்னொண்ணு சேர்ந்தா என்ன?”

அப்படிச் செய்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. கறாரக்கா துண்டுச் சீட்டைத் திருப்பிப் பார்த்தாள்.

“நேத்து உனக்கு என்ன விழுந்தது?”

“ஸ்டூல்.”

“எனக்கு?”

“நின்னீங்க.”

“அப்ப இது உன் பேர்ல போனா, உட்கார்ந்தவ விட்ட கறையா ஆயிடாதா?”

நெட்டை நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள்.

திரும்பி வந்தவற்றைப் போடும் கூடை மேற்பார்வையாளரின் மேசைக்குப் பக்கத்தில், கூடத்தின் மறுகோடியில் இருந்தது. கறாரக்கா விரிப்பைக் கையில் விரித்துப் பிடித்தபடியே நடந்தாள். மடிப்பு மேசைகளில் கைகள் நின்றன. அவளுடைய பார்வைக்குப் பயந்து வருஷக்கணக்காக நாடாக்களை உள்ளே திணித்தவர்கள் அத்தனை பேரும் அந்தக் கறையைப் பார்த்தார்கள்.

மேற்பார்வையாளர் கண்ணாடியைக் கழற்றினார். “உங்களதா? நம்பர் மாறியிருக்கும்மா.”

“மாறலைங்க. என்னோடதுதான். நின்ன நாள்ல, சாயங்காலம் விட்டது.”

கூடையில் போட்டுவிட்டுத் திரும்பி நடந்தாள். எவளோ ஒருத்தி மெல்ல, “அப்பாடா” என்றாள். அது கேலி மாதிரி இல்லை. அன்றையிலிருந்து நின்ற நாளில் மற்றவர்களும் மேசையில் சாய்ந்து நிற்கத் தொடங்கினார்கள்.

கணக்கெல்லாம் முடிந்து ஆராய்ச்சிப் பெண் முடிவைச் சொன்னபோது மழைக்காலமே போய்விட்டிருந்தது. உட்கார்ந்த நாட்களில் தப்பு குறைவு. காலையில் வித்தியாசம் இல்லை, மதியத்துக்கு மேல்தான் தெரிகிறது. மலையைப் புரட்டுகிற வித்தியாசம் ஒன்றும் கிடையாது. ஆனாலும் ஸ்டூலால்தான் என்று அடித்துச் சொல்லலாம் என்றாள். மேனேஜர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, மதியத்துக்கு மேல்தானே, முறை போட்டு உட்காரட்டும் என்று இரண்டு மேசைக்கு ஒரு ஸ்டூல் கொடுத்தார். அந்தப் பெண்ணுக்குக் கோபம் அடங்கவில்லை. கறாரக்காதான் அவளைச் சமாதானப்படுத்தினாள்.

“பாதியாவது வந்துதேம்மா. நீ போய் ரெண்டு நாள் தூங்கு.”

அவளுக்கும் நெட்டைக்கும் பொதுவாக ஒன்று வந்தது. வயசுல பெரியவங்க நீங்கதான் என்று நெட்டை அவளை முதலில் உட்காரச் சொன்னாள். கறாரக்கா உட்கார்ந்து, பாதங்களைக் குறுக்குக் கட்டையில் வைத்துக்கொண்டு மடித்தாள். வலி ஒன்றும் ஓடிப்போய்விடவில்லை. ஒரு பாரத்தை இறக்கி வைத்த பிறகும் தோளில் அது அழுந்துவது போல, கால்கள் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தன.

“அக்கா, என் முறை வந்தாச்சு.”

“இருடி, எழுந்திருக்கவே மனசு வரலை. இன்னும் கொஞ்ச நேரம்.”

நெட்டை மேசையில் சாய்ந்துகொண்டு அடுத்த விரிப்பை எடுத்தாள்.