உள்பக்கம் கைப்பிடி இல்லாத கதவு

குளியலறைக் கதவுக்குத் தாழ் போடாமல், யாரும் தள்ளிக்கொண்டு வந்துவிடக் கூடாது என்பதற்காக உரக்கப் பாடிக்கொண்டே குளிக்கிறார் சாவிக்காரர். ஆலயத்தில் பாடுகிற பாட்டுதான். சோப்பு நுரை வாய்க்குள் போகும்போது ராகம் திசை மாறும். "தெருவுல பாதிப் பேருக்கு நீங்க குளிக்கிற நேரம் தெரியுது. தாழ்ப்பாளப் போட்டா கை தேஞ்சா போயிடும்?" என்று மனைவி வெளியிலிருந்து கேட்பாள். ஊருக்கெல்லாம் தாழ்ப்பாள் மாட்டிக்கொடுக்கிறவரிடமிருந்து பதிலாக இன்னொரு சரணம் வரும்.

ஐம்பத்திரண்டு வயது. இரண்டு கட்டடங்களுக்கு இடையில் ஓர் ஆள் நிற்கும் அகலத்தில் கடை. சுவரெல்லாம் ஆணி, ஆணியெல்லாம் சாவி. கடைக்குக் கதவு கிடையாது. லிஃப்டில் ஏறமாட்டார். ஆறாவது மாடியானாலும் படியேறிப் போய், மூச்சு வாங்கியபடியே பூட்டைத் திறந்து கொடுப்பார். சின்ன வயதில் எங்கேயாவது அடைபட்டு மாட்டிக்கொண்டாரா என்று கேட்டால், "அப்படி ஒண்ணும் இல்லீங்க. கதை இருந்தா சொல்லமாட்டேனா?" என்பார். கதை இல்லாத பயத்துக்கு மருந்து சொல்லவும் ஆளில்லை.

கதவுக்குப் பின்னால் யாராவது சிக்கிக்கொண்டு, திறக்கக் கூப்பிட்டார்கள் என்றால் கையைவிட அவருடைய வாய்தான் அதிகம் வேலை செய்யும். "இங்கதான் இருக்கேன். நல்லா மூச்ச இழுத்து விடுங்க. இங்கதான் இருக்கேன்." பூட்டு விடும்வரை நிறுத்தமாட்டார். திறந்ததும் வெளியே வருகிறவரைவிட இவர் முகத்தில்தான் வியர்வை அதிகமாக இருக்கும்.

சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை, சிறையில் இருக்கும் ஒரு லாரி ஓட்டுநர் தன்னைப் பார்க்க யாராவது வரமுடியுமா என்று கேட்டிருப்பதாகப் போதகர் அறிவித்தார். பிரசங்கம் செய்கிறவர் வேண்டாமாம், கேட்கிறவர் போதுமாம். யாரும் கை தூக்கவில்லை. "நான் திரும்பிப் பாத்தேன். பின்னால யாருமில்ல. நான்தான் கடைசி பெஞ்சு" என்கிறார் சாவிக்காரர். வாசலுக்கு அருகில் இருக்கிறதே என்பதற்காக முப்பது வருடமாக உட்கார்ந்த இடம் அது. கர்த்தர் தன்னைக் கூப்பிட்டது அப்போதுதான் என்று அவர் நம்புகிறார். அந்த நம்பிக்கையை எடைபோடுவது வெளியாட்களின் வேலையல்ல. அன்று முதல் மனிதர் ஓரிடத்தில் உட்கார்ந்து பார்த்தவர்கள் இல்லை என்பது மட்டும் நிச்சயம்.

சந்திக்க அனுமதி கேட்ட மனுவில் தொழில் என்ற இடத்தைப் படித்த சிறை அதிகாரி, போதகரை ஏற இறங்கப் பார்த்தாராம். "பூட்டத் தொறக்கறவர ஜெயிலுக்குள்ள விடச் சொல்றீங்க. நல்லா இருக்கு சார்." அனுமதி வர ஐந்து மாதமானது. வியாழக்கிழமை பிற்பகல், ஒரு மணி நேரம். சாவி, கம்பி, ஊசி எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது.

முதல் மூன்று வியாழனும் வாசலோடு திரும்பினார். ஒரு முறை, மூக்குக்கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டதாகக் காவலரிடம் சொன்னார். கண்ணாடி மூக்கில்தான் இருந்தது. பயம் போன பிறகு புறப்படலாம் என்று காத்திருந்தவருக்கு, அது தன்னைவிடப் பொறுமைசாலி என்று புரிய மூன்று வாரமாயிற்று.

நான்காம் வாரம் உள்ளே போனார். நாற்காலி இரண்டு, மேசை ஒன்று. இரும்புக் கதவு சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும்; திறக்க வெளியே சாவி வேண்டும். உள்பக்கம் கைப்பிடி இல்லை, சாவித்துளையும் இல்லை. அதைப் பார்த்ததும் ஒரு சாண் திறந்திருக்கட்டும் என்று கெஞ்சிக் கேட்டார். வயதில் மூத்தவர் என்று காவலர் இரங்கி, இடுக்கில் தன் பூட்ஸ் காலை வைத்துக்கொண்டு நின்றார். காலோடு காதும் உள்ளே வந்தது. லாரிக்காரர் மழையைப் பற்றியும் டயர்களைப் பற்றியும் பேசினார். எழுந்து போகும்போது தணிந்த குரலில் சொன்னார்: "கதவு தொறந்திருந்தா இது பேச்சில்லண்ணே, விசாரணை. எங்கிட்ட ஒரு விஷயம் இருக்கு, ஒரே ஒருத்தர்கிட்ட சொன்னா போதும். அடுத்த வியாழனுக்குப் பிறகு என்னை வேற ஜெயிலுக்கு மாத்தறாங்க."

அந்த வாரம் கடையில் ஒரே பூட்டைத் திறப்பதும் பூட்டுவதுமாக இருந்தார். அளவு தப்பி மூன்று சாவி வீணாயிற்று. புதன்கிழமை ஒருவருடைய வீட்டுச் சாவியை இன்னொருவரிடம் கொடுத்தனுப்பினார். இருவரும் சேர்ந்து வந்து சண்டை போட்டபோதும், எங்கோ பார்த்துக்கொண்டு "சரிங்க, சரிங்க" என்றார்.

வியாழன் காலை செருப்பைத் தேடியபடி மனைவியிடம் சொன்னார்: "பயத்த எடுத்துப் போடும்னு கர்த்தர்கிட்ட எத்தனையோ தடவ கேட்டுட்டேன். எடுக்கல. ஆனா பாரு, அவரு உயிர்த்தெழுந்த அன்னிக்கு சீஷருங்க பயந்துபோய் வீட்ட உள்ளேருந்து பூட்டிக்கிட்டாங்கல்ல? பூட்டு அப்படியே இருந்துச்சு, பயமும் அப்படியே இருந்துச்சு. நடுவுல வந்து நின்னாரு. பயம் போகட்டும், அப்புறம் வரேன்னு சொல்லல."

"அவருக்குச் சுவரே ஒரு பொருட்டில்ல. உங்களுக்கு லிஃப்டே ஆகாதே."

"அதான் நானும் யோசிக்கிறேன்."

அவள் சிரிக்கவில்லை. குனிந்து, கட்டிலுக்கு அடியில் கிடந்த செருப்பை எடுத்துப் போட்டாள். "சட்டைக் காலர்ல கம்பி இருக்கு, எடுத்து வச்சுட்டுப் போங்க" என்றாள்.

சிறை வாசலில் சாவிக்கொத்தை ஒப்படைத்தபோது விரல் மட்டும் அதை விடவில்லை. காவலர் இழுத்துத்தான் வாங்கினார். அறையில் லாரிக்காரர் முன்னதாகவே உட்கார்ந்திருந்தார். காவலர், கேட்காமலேயே, பூட்ஸ் காலை இடுக்கில் வைத்தார்.

"காலை எடுத்துக்குங்க" என்றார் சாவிக்காரர்.

"சாத்தினா பூட்டிக்கும் சார். நான் அந்தக் கோடிக்குப் போயிட்டா நீங்க கூப்பிட்டாலும் கேக்காது."

"தெரியும்."

காவலர் காலை எடுத்து ஒதுங்கி நின்றார். சாவிக்காரரின் காலர் நனைந்து கழுத்தில் ஒட்டியிருந்தது. பாட்டு ஒன்றும் வாயில் வரவில்லை. லாரிக்காரரைப் பார்த்து, "இங்கதான் இருக்கேன்" என்றார். கேட்ட குரல் வெளியிலிருந்து வந்ததுபோல அவருக்கே இருந்தது.

கைப்பிடி இல்லாத கதவை உள்ளிருந்து சாத்த ஒரே வழிதான். நான்கு விரல்களை விளிம்பில் கொக்கிபோல மாட்டி இழுத்தார். கதவு நிலைச்சட்டத்தைத் தொடுகிற கடைசி நொடியில், ஒவ்வொன்றாக, விரல்களை உள்ளே எடுத்துக்கொண்டார்.