தட்டில் வைத்த முன்பணம்

மயிலாப்பூரில் வீணை விற்கும் அந்த மனிதரை எனக்கு இருபது வருஷமாகத் தெரியும். இருபது வருஷமும் அவரை நல்லவர் என்று ஊருக்கெல்லாம் சொன்னவளும் நான்தான். ஆகையால் இந்தக் கதையில் பெரிய முட்டாள் யார் என்று தேடி அலைய வேண்டியதில்லை.

குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் கடை. அவர் வீணை செய்பவர் இல்லை. தஞ்சாவூரில் ஆசாரி செய்வார், இவர் நடுவில் நின்று ஆர்டர் பிடிப்பார். நான் படியேறியதும், "வாங்கோ மாமி, ஆத்துல எல்லாரும் சௌக்கியமா?" என்பார். நான் இறங்கிச் செருப்பை மாட்டுவதற்குள் பார்சல்காரரிடம் போனில், "இன்னா நைனா, வண்டி எங்க கீது?" என்று கேட்டுக்கொண்டிருப்பார். மாமிகளுக்கென்றே தனியாக ஒரு பேச்சு வைத்திருந்தார். என்னையும் சேர்த்து, அதில் குளிர்ந்துபோகாத வீணை டீச்சர் இந்த வட்டாரத்தில் ஒருத்தியும் கிடையாது.

போன வருஷம் என் இடது தோள் இறுகிவிட்டது. வீணைத் தண்டின் கோடியில் இருக்கும் முதல் மெட்டுகளுக்குக் கையை நீட்டினால் உயிர் போகும். ராஜா அண்ணாமலைபுரத்து வீட்டு வகுப்பில் வாயால் பாடியே ஒப்பேற்றினேன். என் அளவுக்குக் கொஞ்சம் குட்டையாக ஒரு வீணை செய்து வாங்கினால் மறுபடி வாசிக்கலாம், இல்லையென்றால் என் வாசிப்பு அவ்வளவுதான். அந்த நிலைமையில்தான் அவரிடம் போனேன்.

முன்பணத்தை அவர் கையில் வாங்க மாட்டார். வெற்றிலை பாக்கு வைத்த பித்தளைத் தட்டை நீட்டுவார். பணத்தை அதில் வைக்க வேண்டும். கண்ணில் ஒற்றிக்கொண்டு சரஸ்வதி படத்தின் முன்னால் கொண்டுபோய் வைப்பார். அதற்கப்புறம் ரசீது கேட்க எவளுக்கு நாக்கு எழும்? நாற்பதாயிரம் வைத்தேன். அளவை எழுதி வாங்கவில்லை. எப்போது கிடைக்கும், கிடைக்காவிட்டால் பணம் என்ன ஆகும் என்று கேட்கவில்லை. ஆசாரியின் பெயர்கூடத் தெரியாது. கொத்தமல்லிக் கட்டுக்குப் பத்து நிமிஷம் பேரம் பேசுகிற அம்மணி, தட்டைப் பார்த்ததும் பூனை மாதிரி அடங்கிவிட்டாள்.

மூன்று மாதம் கழித்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. வீணைக்குக் குடைந்து வைத்த பலாமரக் குடம், பக்கத்தில் ஓரம் உடைந்த நீல வாளி. "மாமி, உங்க குடம் ரெடி. இன்னும் முப்பது குடுத்தேள்னா வேலை மளமளன்னு நடக்கும்." அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அழுதேன்.

அந்தச் சனிக்கிழமை ஒரு மாணவியின் அம்மா வகுப்புக்கு வந்திருந்தாள். தி. நகரில் ஜவுளிக்கடை, திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம். பெண்ணுக்கு முழு அளவு வீணை சொல்லியிருந்தார்கள், அதுவும் என் சிபாரிசில். "டீச்சர், குடம் ரெடியாயிட்டாம். அடுத்த பணம் கேக்காரு, குடுத்துரலாமா?" என்று போனை நீட்டினாள்.

அதே குடம். அதே நீல வாளி.

"ரசீது இருக்கோ?" என்று கேட்டேன். ஒரு கர்ச்சீப்புக்குக்கூட பில் போடுகிற கடை அவர்களுடையது. அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "நீங்கதான டீச்சர், அவர்ட்ட போய் ரசீதெல்லாம் கேக்காதீங்க, சங்கடப்படுவாருன்னு சொன்னிய?"

சொன்னேன்தான். பணம் கொடுக்க வேண்டாம், விசாரித்துவிட்டுப் பேசுகிறேன் என்று அவளை அனுப்பிவிட்டு நேரே கடைக்குப் போனேன். ஆசாரி படத்தை மாற்றி அனுப்பிவிட்டாராம். சரி, அவர் நம்பரைக் கொடுங்கள் என்றேன். அது வழக்கமில்லையாம். பணத்தைத் திருப்பித் தராவிட்டால் போலீசுக்குப் போவேன் என்றேன். உடனே அந்த மாமிப் பேச்சு கழன்று விழுந்தது.

"போய் இன்னான்னு சொல்லுவ? துட்டு குட்த்ததுக்கு ரசீது கீதா? ஒவ்வொரு பொண்ணு வீணைக்கும் கவர் வாங்கிக்கினு போனியே, அதையும் சேத்து சொல்லு."

இருபது வருஷத்தில் அந்த ஆள் என்னிடம் பேசிய ஒரே உண்மை அது.

கவர் விஷயத்தை நான் இதுவரை சொல்லவில்லை. சொல்லாமலே எழுதி முடித்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். மாணவியை அனுப்பினால் டீச்சருக்கு ஒரு கவர் வரும். காபிச் செலவுக்கு என்பார் அவர். எல்லா டீச்சரும் வாங்குகிறார்கள் என்பது எனக்கு நானே சொல்லிக்கொண்ட சமாதானம். ரசீது கேட்காதீர்கள் என்று நான் சொன்னதும் அவர் சங்கடப்படுவார் என்பதற்காக இல்லை. ரசீதில் விலை இருக்கும், அதில் என் பங்கு எங்கே ஒளிந்திருக்கிறது என்று யாராவது கேட்பார்கள்.

வீட்டுக்கு வந்து அந்த அம்மாவுக்குப் போன் செய்தேன். "அவர் ஏமாத்தறார், ஒரு பைசா குடுக்காதீங்கோ. உங்க வீணைக்குன்னு அவர்கிட்டேர்ந்து நான் அஞ்சாயிரம் வாங்கியிருக்கேன்."

"சரி டீச்சர்," என்றாள். "அத எப்ப தருவிய?"

"அடுத்த மாசம்."

"எழுதித் தந்துருங்க."

அடுத்த சனிக்கிழமை தன் ஜவுளிக்கடைச் சீட்டுப் புத்தகத்தோடு வந்தாள். தொகை, தேதி எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஒருமுறைக்கு இரண்டு முறை படித்துப் பார்த்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். அவர்களுடைய முன்பணமும் என் நாற்பதாயிரமும் அந்தத் தட்டோடு போயிற்று. கை எட்டாத என் பழைய பெரிய வீணை அறையில் உறை போட்டபடியே கிடக்கிறது. அந்தக் கடை வீணைகளை வைத்து இத்தனை வருஷத்தில் நான் பார்த்த ஒரே எழுத்து, அந்தச் சீட்டுதான். அதில் கடன்காரி என்று இருப்பது என் பெயர்.